கீரிப்பிள்ளை எழுந்து நின்றால்

ஆவாரங்குளத்தில் கீரிகள் இரண்டு வகை. ஆளைக் கண்டதும் வேலிக்கருவைப் புதருக்குள் பாய்ந்துவிடுவது காட்டுக்கீரி. ஆளைக் கண்டதும் நின்று, பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கூட்டம் போதுமா என்று பார்ப்பதுபோல ஒரு சுற்றுப் பார்ப்பது வித்தைக்காரர் கீரி. நிறத்திலோ வாலிலோ கண்ணிலோ இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ஒரே கண்மாய்க்கரையில், ஒரே வளைகளில், ஒன்றோடொன்று கலந்து குட்டி போட்டுப் பெருகியவை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்று ஓடும், ஒன்று நிற்கும். எது எது என்று நமக்குத் தெரியவரும்போது நம் பாதங்கள் தரையோடு பிடித்திருக்கும்.

அந்த வித்தைக்காரரை ஐயா பார்த்திருக்கிறார். எங்கள் பக்கம் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்கு மீசை அரும்பாத வயதில், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருடத்துக்கு ஒருமுறை அவர் வருவார்; ஒரு முளையில் கீரியைக் கட்டுவார், பக்கத்தில் மூடிய பாம்புக் கூடையை வைப்பார், உடுக்கையை அடிப்பார். "கட்டுன கையை அவுத்து விடுங்க அய்யாமாரே, இடையில கலைஞ்சு போறவன் ரத்தம் கக்குவான், இதோ இப்ப கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்" என்பார். பிறகு தாயத்து விற்பார், பிறகு மூட்டையைக் கட்டுவார். சண்டை அடுத்த வருடம். அடுத்த வருடமும் அதே கீரி, அதே கூடை, அதே "இதோ இப்ப." ஒரு வருடம் கூடையின் மூடியில் கையை வைத்து "இதோ இப்ப" என்றவர் அப்படியே உட்கார்ந்தார், உயிர் போய்விட்டிருந்தது. கூட்டம் கலையவில்லை. கலையலாம் என்று சொல்ல வேண்டியவர் செத்துப்போயிருந்தார், கலைந்தால் ரத்தம் கக்க வேண்டும் என்றும் அவரே சொல்லியிருந்தார். அதனால் விளக்கு வைக்கும் நேரம் வரை அவரைச் சுற்றி ஊர் நின்றது. கடைசியில் யாரோ துணிந்து கூடையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பழைய துண்டு மட்டும் இருந்தது. பாம்பு முன்பே தப்பிவிட்டதா, எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லையா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தபோது, கீரி கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த பருத்திக் காலத்தில், பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போன பெண்கள் இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். "கீரி நிறுத்திருச்சு" என்றார்கள், பஸ் வரவில்லை என்பதுபோல. பாதையில் ஒரு கீரி எழுந்து நின்றது, பார்த்தவர்களுக்குக் கால் வரவில்லை, பின்னால் வந்தவர்களும் பார்த்தார்கள், அவர்களுக்கும் வரவில்லை, கீரி இறங்கிப் போனதும் கால் வந்தது. இதைக் கேட்ட ஊரில் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சண்டை விட்டுச்சா?"

"இல்ல" என்றார்கள் பெண்கள், கொஞ்சம் வெட்கத்தோடு.

இப்படித்தான் எங்கள் ஊர் கீரிக்குப் பழகியது. முன்பெல்லாம் கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று மகிழ்ந்தவர்கள், கீரி குறுக்கே *போனால்* நல்லது, நின்றால் வட்டம் என்று திருத்திக்கொண்டார்கள். கீரியைச் சுற்றி ஆட்கள் நிற்கிற நிலைக்கு வட்டம் என்றே பெயர் விழுந்தது. "எங்க வட்டத்துக்கு வட்டாட்சியர் யாருன்னு நெனச்சீக? முன்னங்காலைத் தூக்கிட்டு நிக்கிறாகளே, அவுகதான்" என்று எங்கள் தவசி மாமா வெளியூர்க்காரர்களிடம் சொல்வார். வட்டத்தில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. இருமல் வந்தால் வாய்க்குத் துண்டு பிடித்து, ரத்தம் இல்லையே என்று பார்த்துக்கொள்வார்கள். குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் இல்லாமல் பெண்கள் வெளியே இறங்குவதில்லை. நிற்கிற நேரத்தில் பூக்கட்டினார்கள், பீடி சுற்றினார்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் எதிரெதிரே மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் பேசிச் சமாதானமானார்கள். எங்கள் செல்லையா சித்தப்பா தன் கல்யாணத்தன்றே மாட்டினார்; முகூர்த்தம் தப்பக் கூடாது என்று, கீரியைப் பார்க்காமல் முதுகுப்பக்கமாக நடந்து வந்த ஆட்கள் கடப்பாரையால் சுற்றிலும் தோண்டி, தென்னம்பிள்ளையை வேரடி மண்ணோடு பேர்ப்பதுபோல மாப்பிள்ளையைப் பேர்த்தெடுத்து டிராக்டரில் ஏற்றினார்கள். பாதத்தில் இரண்டு மண்ணாங்கட்டிகளோடு அவர் மணவறையைச் சுற்றி வந்ததை, இது இவர்கள் ஊர் வழக்கம்போல என்று பெண் வீட்டார் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கீரி இறங்கிப்போன நேரத்தில் அங்கே பந்தியில் மண் தானாக உதிர்ந்தது.

கால் உண்மையிலேயே வராதா, அல்லது எடுக்கப் பயமா என்று கல்லூரியில் தோழிகள் என்னைக் கேட்பார்கள். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றுதான் சொல்வேன். இரண்டும் உள்ளே ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் குனிந்தே நடந்தேன், என் பாதத்துக்கு முன்னால் ஒரு முழத்துக்கு மேல் பார்க்காமல். என்னோடு படித்த பிள்ளைகள் வட்டத்தில் நின்று நின்று பரீட்சையைத் தவறவிட்டு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நான் மட்டும் பத்தாவது முடித்து, பன்னிரண்டு முடித்து, டவுன் கல்லூரியில் பட்டமும் வாங்கினேன். "இவ புத்தியில பாஸாகல, குனிஞ்ச தலையில பாஸானா" என்பார் சீனியம்மா அத்தை. ஐயாவின் அக்காள், யாரையும் விட்டுவைக்காத வாய். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. சரியாகத்தான் சொன்னார் என்று தோன்றும், தோன்றியதும் இன்னும் பயமாக இருக்கும்.

ஐயா வேறு மாதிரி. ஆடு மேய்க்கிறவர், நிமிர்ந்து நடப்பார், கீரி நிற்கிறது என்று கேள்விப்பட்டால் ஆட்டை அங்கே ஓட்டிப்போவார். வித்தைக்காரரைச் சுற்றி விளக்கு வைக்கும் வரை நின்ற கூட்டத்தில் அவரும் ஒருவர். "ஒருநா விடும் தாயி. விடாம எங்க போகும்?" என்பார். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "இன்னைக்கு விட்டுருக்கும். மூக்கை விடைச்சுச்சு" என்று சொல்வார். ஆத்தா சோற்றைப் போடும்.

ஆனால் வட்டங்கள் நீண்டுகொண்டே போயின. வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்துக்கு நின்ற கீரிகளின் குட்டிகள் ஒரு பொழுது நின்றன. அவற்றின் குட்டிகள் வெயில் ஏறி இறங்கும்வரை நின்றன. போன கோடையில் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் நின்றபடியே செத்துப்போனார். அவர் விழ முடியாததால், கீரி இறங்குகிறவரைக்கும் இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவரோடு பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் சிரிப்பு குறைந்தது. ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வேர்த்து ஊற்றும். அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற ஒவ்வொரு நாளும் நான் வாசலிலேயே இருந்தேன்.

எனக்கு வேலை கிடைத்தது இந்த நேரத்தில்தான். வேறு மாவட்டத்தில், ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடுவதற்காக நாற்காலியில் உட்காரப்போகும் முதல் ஆள். உத்தரவு தபாலில் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தது. சேர்வதற்கு மறுநாள் சாயங்காலம்தான் கெடு. அசல் சான்றிதழ்களோடு நேரில் வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. காலையில் எங்கள் ஊருக்கு வருகிற ஒற்றை மினிபஸ்ஸைப் பிடித்தால்தான் டவுனில் அடுத்த பஸ், அதைப் பிடித்தால்தான் கெடுவுக்குள் அலுவலகம்.

ஐயா பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார், நான் அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். பால் ஊற்றப் போகிறவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று பாதையில் ஆட்கள் இருந்தார்கள். பஸ் நிற்கிற வேப்பமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், துண்டை உதறிச் சரியாகச் சுருட்ட ஐயா பையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் வந்தார். குதிகால் நகர்வதற்காக நான் காத்திருந்தேன். அது நகரவில்லை. பிறகுதான் பேச்சுச் சத்தம் நின்றிருப்பது தெரிந்தது.

"தாயி" என்றார் ஐயா, திரும்பாமல். "தலையைத் தூக்காத."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"எங்க நிக்குது ஐயா?"

தவசி மாமாதான் சொன்னார், எனக்கு இடது பக்கத்திலிருந்து: "உம் பை மேலதாம்மா. வித்தைக்காரன் பொட்டி மேல நிக்கிற மாதிரி ஏறி நிக்கிறாரு நம்ம வட்டாட்சியரு."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பைக்குள் என் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம், சாதிச் சான்று எல்லாம் இருந்தன. ஐயாவின் கை எட்டாத தூரத்தில் பை கிடந்தது. கம்பால் தள்ளலாம் என்றால் கம்பு யாரிடமும் இல்லை, கல்லெறிய வட்டத்தில் யாருக்கும் துணிவு கிடையாது. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என் கால் என்னுடையதாகத்தான் இருந்தது, அதனால் எனக்குத்தான் அங்கே அதிகப் பயம்.

"பை போனாப் போகுது, நீ போ" என்றார் ஐயா. "போயி ஆபீசர்கிட்ட நடந்ததச் சொல்லு."

"என்னன்னு சொல்லுவா?" என்றார் சீனியம்மா அத்தை, எங்கோ எதிர்ப்பக்கத்திலிருந்து. "எஞ் சர்டிபிகேட் மேல கீரி நிக்குதுன்னா? நல்லாச் சேத்துக்குவாக."

"அப்ப வேணாம். இங்கயே இரு. வேலை என்ன வேலை."

ஐயாவின் குரலில் நடுக்கம் இருந்தது. அவர் காலையில் ஒரு காப்பித் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தார். என்னை ஏற்றிவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றிருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை, ஏறப்போகிறது. தூரத்தில், பக்கத்து ஊர்த் திருப்பத்தில், மினிபஸ்ஸின் ஹாரன் கேட்டது.

நான் துப்பட்டாவை எடுத்துக் கண்ணைச் சுற்றி இரண்டு மடிப்பாகக் கட்டினேன்.

"என்ன செய்றா இவ?" என்று யாரோ கேட்டார்கள்.

"எடுக்கப் போறேன்" என்றேன்.

வட்டத்துக்குள் யாரும் போனதில்லை. நிற்பதுதான் எங்களுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அது பிடுங்கிவிடும், ரத்தம் கக்கிச் சாவாய், பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை, கருத்தப்பாண்டி, உன் மகளுக்குச் சொல்லிவை. நான் கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஐயாவைத் தாண்டி ஓர் அடி வைத்தபோது, என் தோளில் அவர் கை பட்டு, பிடிக்காமல், விழுந்தது.

"அங்கிட்டு இல்லடி, கிறுக்கச்சி" என்றார் சீனியம்மா அத்தை. "அந்தப் பக்கம் நான் நிக்கிறேன். சோத்தாங்கைப் பக்கம் திரும்பு."

திரும்பினேன்.

"நேரா வா. இன்னுங் கொஞ்சம். நில்லு நில்லு, பள்ளம்."

"பள்ளமெல்லாம் இல்லம்மா, என் செருப்பு அது" என்றார் தவசி மாமா. "மிதிச்சுட்டே வா, பரவாயில்ல."

"மெதுவாடி. கையைக் கீழ எறக்கு. இன்னும் கீழ. குனியத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே, குனி!"

அவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நான் போனேன். திட்டினவர்களே வழி சொன்னார்கள், வழி சொல்லிக்கொண்டே திட்டினார்கள், பங்காளிச் சண்டையில் எங்கள் வீட்டோடு பேசாதவர் ஒருவரும் "இடது கை, இடது கை" என்றார். என் வாயில் உப்புக் கரித்தது, ரத்தமா என்று நாக்கால் தடவினேன், உதட்டைக் கடித்திருந்தேன். குனிந்து கையை இறக்கினேன். பையின் வார் படும் என்று நினைத்த இடத்தில் முடி பட்டது. சூடாக, சொரசொரப்பாக, அதற்குள் ஒரு நெஞ்சு என் நெஞ்சைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் பயந்துபோய்த்தான் நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைச் செய்யமாட்டார்களா என்று அதுவும்தான் நின்றுகொண்டிருக்கிறது.

அது என் கைக்குக் கீழே விறைத்தது.

"அய்யோ" என்றார் தவசி மாமா, விளையாட்டே இல்லாத குரலில். "பாம்பு."

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது; பார்த்தவர்களும் ஆளுக்கொரு இடத்தைச் சொல்கிறார்கள். நான் கேட்டது ஒரு சீறல், என் முழங்காலுக்குப் பக்கத்தில். பிறகு என் கையிலிருந்து கீரி இல்லாமல் போனது. மண் என் காலில் அடித்தது, கயிறுபோல ஏதோ கணுக்காலில் பட்டு விலகியது, கூட்டம் "ஓ" என்று கத்தியது, சந்தையில் அத்தனை வருடம் அடக்கிவைத்திருந்தது அத்தனையும் அந்தச் சத்தத்தில் இருந்தது. "விட்டுருச்சு! விட்டுருச்சு!" என்று அத்தை கத்தினார். எல்லோருடைய கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு வந்திருக்க வேண்டும். திமுதிமுவென்று என்னைத் தாண்டி ஓடினார்கள். சண்டை உருண்டு போகிற பக்கமெல்லாம் உருண்டது கூட்டம். துணியை அவிழ்க்க என் கை வரவில்லை. நகர்ந்தால் எதன்மேல் மிதிப்பேன் என்று தெரியாமல், வட்டமாக இருந்த இடத்தின் நடுவில் நான் தனியாக நின்றேன், பாதம் தரையில் பிடிக்காமலே பிடித்தவளாக.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. நடுங்குகிற, வேர்த்த கை.

"வா தாயி."

இழுத்துக்கொண்டு போனார். "காலைத் தூக்கி வை. இந்தா, கல்லு. இந்தப் பக்கம்." பின்னால் கூட்டம் மறுபடி கத்தியது, முன்னைவிடப் பெரிதாக. ஐயாவின் கை ஒரு கணம் தளர்ந்து, பிறகு இறுகியது. வேப்ப நிழலின் குளிர்ச்சி முகத்தில் பட்டபோதுதான் துப்பட்டாவை இறக்கினேன். அவருடைய இன்னொரு கையில் என் பை இருந்தது, கீரியின் கால் பட்ட புழுதியோடு.

பஸ் வந்து நின்றது. டிரைவரும் கண்டக்டரும் உள்ளே இருந்தவர்களும் கூட்டம் இருந்த பக்கத்துக்கே சாய்ந்திருந்தார்கள்; யாரும் எங்களைப் பார்க்கவில்லை. ஆத்தா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்து ஐயாவின் கையில் திணித்தேன்.

"எது ஜெயிச்சது ஐயா?"

அவர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எங்க தாயி பாத்தேன்? உங் காலைப் பாத்துட்டுல்ல வந்தேன்."

பஸ் நகர்ந்தது.

அன்று சாயங்காலம் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தக் கீரியும் எழுந்து நிற்கவில்லை. ஆளைக் கண்டதும் எல்லாம் ஓடிவிடுகின்றன. அவற்றில் வித்தைக்காரர் கீரி எது என்று கேட்பதற்கு இனி அர்த்தமில்லை. நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகிறார்கள், நேரத்துக்குக் களையெடுக்கிறார்கள். ஆனால் பொங்கலுக்கு நான் போனபோது, பாதையில் நடக்கிறவர்கள் காரணம் இல்லாமல் அங்கங்கே நின்று புதரைப் பார்ப்பதையும், ஒன்றும் இல்லாமல் நடப்பதையும் கண்டேன். மற்றபடி பேச்செல்லாம் சண்டையைப் பற்றித்தான். கீரி கழுத்தைப் பிடித்தது என்று ஒருவர், பாம்பு முதலில் கொத்தியது என்று ஒருவர், இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே கண்மாய்க்குள் போய்விட்டன என்று ஒருவர்.

வேப்பமரத்தடியில் ஐயாவும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. கீரி இடது பக்கமாகப் பாய்ந்தது, பாம்பு படத்தை விரித்தபடி பின்வாங்கியது, கீரி ஒரு குட்டிக்கரணம் போட்டது என்று கையை வீசி வீசி, வேர்க்க வேர்க்கச் சொன்னார். நன்றாகவே சொன்னார், மற்ற எவர் சொன்னதையும்விட நன்றாக.

"குட்டிக்கரணமா?" என்றார் சீனியம்மா அத்தை. "நான் முன்வரிசை. எங் கண்ணுக்கு ஒரு கரணமும் படல. நீ அப்ப எங்க நின்ன?" பிறகு என்னைப் பார்த்துவிட்டார். "இந்தா வந்துட்டாள்ல ஆபீசரு. நடுவுல நின்னது இவதான். ஏண்டி, பொய் சொல்லமாட்டியே நீ. கீரி கரணம் போட்டுச்சா இல்லையா?"

என் கண்ணில் துணி கட்டியிருந்ததை அங்கே இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். இருந்தும் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஐயா தரையைப் பார்த்தார். அவர் குனிந்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"போட்டுச்சு" என்றேன். "ரெண்டு தடவ."